கடைசித் தொட்டியின் பதில்

தூத்துக்குடிப் பக்கம் ஓர் அமில ஆலை. அங்கே இஸ்மத் குரு, அருளப்பன் சீடர். வயதில் சீடர்தான் மூத்தவர். காற்றழுத்தக் குழாய்களோடு காலம் தள்ளிய மனிதர், ஒரே கம்பியில் எல்லாக் கருவிகளையும் பேசவைக்கும் ஃபீல்ட்பஸ் வித்தையை இந்தப் பெண்ணிடம் கற்க வந்தார். அதில் அவருக்குக் கூச்சமே கிடையாது.

அன்றைக்கு அவர் முகம் வாடிக் கிடந்தது. மகள் ரெஜினா தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டபோது வாய்க்கு வந்தபடி ஏசியவர் அவர். இப்போது அவள் குரலுக்காகக் கிடந்து ஏங்குகிறார். ஞாயிறுதோறும் போன் போடுகிறார். எடுக்கிறாள், பேசுவதில்லை.

"இனிமே போடப்போறதில்ல மேடம். எத்தன தடவதான் கேக்கது?" என்றார்.

இஸ்மத் கடைசித் தொட்டியின் அமிலமானி என்ன ஆயிற்று என்று விசாரித்தாள். அது செத்துப்போச்சு, கழற்றிவிட்டு வேறு மாட்ட வேண்டியதுதான் என்றார் அவர்.

அவள் கணினியைத் திறந்து பார்த்தாள். அந்தக் கம்பியில் ஒரு முறை உண்டு. தலைமைக் கணினி ஒவ்வொன்றாகக் கூப்பிடும். கூப்பிட்ட கருவி மட்டும் பதில் சொல்லும். பதிலுக்கு இவ்வளவு நேரம் என்று ஒரு கெடு வைக்க வேண்டும். எல்லாம் வேகமாக ஓடட்டும் என்று அருளப்பன் அந்தக் கெடுவை ஒட்ட நறுக்கியிருந்தார். ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லை, வேறென்ன! அமிலமானியோ மெல்லப் பேசுகிற ரகம். அது வாயெடுக்கும் நேரத்தில் அடுத்த கேள்வி வந்து மேலே விழும். இரண்டும் குழம்பிப்போகும்.

இஸ்மத் கெடுவைக் கூட்டினாள். கொஞ்சத்தில் அமிலமானியின் அளவு திரையில் வந்து நின்றது.

அருளப்பன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மக போன எடுத்ததும் என்ன கேப்பீங்க அண்ணாச்சி?"

"நல்லா இருக்கியான்னு கேப்பேன். சாப்பிட்டியா, மாப்பிள்ள எப்படி இருக்காரு, அப்பா மேல இன்னும் கோவமான்னு கேப்பேன். சத்தமே வராது. பயந்துபோய் வச்சிருவேன்."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். கண் கலங்கிவிட்டது. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுச் சும்மா இருக்கேன். எவ்வளவு நேரம் பொறுக்கணும் மேடம்?"

"கெடு வைக்கிறதெல்லாம் கருவிக்குத்தான் அண்ணாச்சி" என்றாள் இஸ்மத்.