கதவு வைத்த டிவி

செங்கோடனுக்கு முதலில் அநியாயம் செய்தவர் ராக்கியப்பன். வேறு யாரோ இல்லை, செங்கோடனின் மனைவி செல்லாத்தாளுக்குக் கூடப்பிறந்த அண்ணன்.

ஊருக்கு டிவி வந்த புதிது. அந்தத் தெருவில் ராக்கியப்பன் வீட்டில் மட்டும்தான் இருந்தது. மரப்பெட்டிக்குள் வைத்த டிவி. முன்பக்கம் இழுத்து மூடுகிற மரக்கதவு, கதவுக்கு ஒரு பூட்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாட்டுப் போடுவார்கள். செல்லாத்தாள் அடுப்பு வேலையை அவசரமாக முடித்து, ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி அண்ணன் வீட்டுக்கு ஓடுவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் வாசற்படியில் கால் வைத்ததும் ராக்கியப்பன் எழுந்தார். பாட்டு ஓடும்போதே கதவை இழுத்துப் பூட்டினார். சாவியை மடியில் செருகிக்கொண்டார்.

"இது வீடா, சினிமாக் கொட்டாயா? உங்களுக்கெல்லாம் வேற பொழப்பு இல்லையா?" என்றார்.

பின்னால் வந்த செங்கோடன் காதிலும் அது விழுந்தது. செல்லாத்தாள் படியிலிருந்து காலை எடுத்தாள். வந்த வழியே திரும்பி நடந்தாள்.

நடந்தது அவ்வளவுதான். ஆனால் அடித்த கை மறந்துவிடும், பட்ட கன்னம் மறக்காது. செங்கோடன் சாயப்பட்டறையில் இரவும் பகலும் நின்று, அடுத்த தீபாவளிக்கே அதே மாதிரி கதவு வைத்த டிவி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தார். நல்லது கெட்டதுக்கு ராக்கியப்பன் வந்தால் காப்பி கொடுப்பார், பேசுவார். டிவிக் கதவு மட்டும் பூட்டியே இருக்கும்.

அவர் காத்திருந்தது ஒரே ஒரு சொல்லுக்கு. "தப்புதான் மாப்பிள்ளை." அந்த மனிதர் வாய்விட்டு அதைச் சொல்ல வேண்டும். வர வேண்டியது வர வேண்டியதுதானே?

செல்லாத்தாள் இறந்த அன்று ராக்கியப்பன் பிறந்த வீட்டுக் கோடி எடுத்து வந்தார். தங்கை மேல் சேலையைப் போர்த்திவிட்டுக் குலுங்கி அழுதார். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். துண்டில் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

மனைவி போன பிறகு செங்கோடன் ஆற்றங்கரை மடத்துக்குப் போக ஆரம்பித்தார். மடத்தை நடத்துபவர் மாதேஸ்வரி அம்மா. செங்கோடனை விட இருபது வயதாவது இளையவர். அவரை "அண்ணா" என்றுதான் கூப்பிடுவார். எழுபதை நெருங்கும் மனிதர் சின்ன வயதுப் பெண்ணிடம் என்ன கேட்டுத் தெரிந்துகொள்கிறார் என்று ஊரில் சிரித்தார்கள். செங்கோடன் தினமும் காலையில் போய் அன்னதானத்துக்கு வெங்காயம் உரித்துக் கொடுப்பார். கேட்கத் தோன்றினால் கேட்பார். அம்மாவுக்குத் தோன்றினால் பதில் சொல்வார்.

இப்படி இருக்கும்போது பெட்டி டிவி செத்துப்போனது. படம் சுருங்கிச் சுருங்கி ஒரு நாள் நடுவில் வெறும் கோடாக நின்றது. டிவி மெக்கானிக் பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "டியூப் போயிருச்சுங்ண்ணா. இதுக்கெல்லாம் இப்ப சாமானே வர்றதில்லை" என்றார்.

திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் மோகனசுந்தரம் புது டிவி வாங்கிவந்தான். பலகை மாதிரி தட்டையாக, கட்டில் அகலத்துக்கு இருந்தது. ஆள் வைத்துச் சுவரில் மாட்டினான். பழையதைப் பெட்டியோடு காயலான் கடைக்காரர் தூக்கிப் போனார்.

செங்கோடன் புது டிவியை மேலும் கீழும் பார்த்தார்.

"கதவு எங்கடா?"

"கதவு எதுக்குப்பா?"

"மூடறதுக்கு."

"ரிமோட்டுல ஆஃப் பண்ணினா மூடின மாதிரிதானே."

"அது அணைக்கறது. நான் கேக்கறது மூடறது."

மகன் சிரித்துக்கொண்டே பஸ் ஏறிவிட்டான். செங்கோடன் நேராகத் தச்சர் மயில்சாமியைப் போய்ப் பார்த்தார்.

மயில்சாமி வந்து அளவெடுத்தார். "ஏனுங்ண்ணா, இத்தனை அகலத்துக்கு இழுத்து மூடற கதவு நிக்காதுங்க. ரெட்டைக் கதவாத்தான் போடோணும்."

"போடு."

"ரிமோட்டு வேலை செய்யாதுங்களே?"

"தொறந்தா செய்யும்."

தேக்குப் பலகையில் இரட்டைக் கதவு வந்தது. கைக்குப் பித்தளைக் குமிழ். எண்ணெய் தேய்த்துப் பளபளவென்று மாட்டிவிட்டு மயில்சாமி இரண்டடி தள்ளி நின்று பார்த்தார்.

"மணி நாலு தொங்க விட்டா கருவறையேதானுங்க. விட்டுரட்டுங்களா?"

"வந்த வேலை முடிஞ்சுதல்ல? கெளம்பு."

ஒரு வாரம் ஆகவில்லை. ராக்கியப்பன் வீட்டு மருமகள் பூங்கொடி வந்து வாசலில் நின்றாள்.

"சித்தப்பா, ஞாயித்துக்கிழமை செல்லாண்டியம்மன் கோயில் கும்பாபிஷேகத்தை டிவில நேரா காட்டறாங்களாம். மாமாவால கூட்டத்துல போய் நிக்க முடியாது. இங்க வந்து பாக்கலாமான்னு கேக்கச் சொன்னாரு."

"ஏன், உங்க வீட்டு டிவி?"

"அதை எப்பவோ தூக்கிப் போட்டாச்சுங்க. ஆளுக்கொரு செல்போன் வெச்சிருக்கோம். மாமாவுக்குக் கண்ணுல புரை. செல்போன்ல காட்டினா, எறும்பு ஊர்ற மாதிரி தெரியுதுங்கறாரு."

செங்கோடனுக்குத் தொண்டையில் வெல்லம் இறங்கியது. யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அவளை அனுப்பினார்.

மறுநாள் மடத்தில் வெங்காயம் உரிக்கும்போது அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அம்மாவும் ஒரு கை வெங்காயத்தை அள்ளி மடியில் போட்டுக்கொண்டு உரித்தபடியே காது கொடுத்தார்.

"வாங்க வேண்டிய சொல்லு ஒண்ணு பாக்கி இருக்குதுங்கம்மா. அதை வாங்காமக் கதவைத் தொறக்கலாமுங்களா?"

"என்ன சொல்லோணும் அவரு?"

"தப்புதான் மாப்பிள்ளைன்னு."

"அன்னைக்குப் படியில நின்னது யாரு?"

"செல்லாத்தா."

அம்மா உரித்த வெங்காயத்தைக் கூடையில் போட்டார்.

செங்கோடனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவளுக்கு மட்டும்தானுங்களா? கட்டினவன் நான் பின்னாடியே நின்னேன். எனக்கும் சேர்த்துத்தான் பூட்டினாரு."

"ஆமாங்கண்ணா. உங்களுக்கும் சேர்த்துத்தான்."

"விட்டுத் தொலைங்கன்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

"நான் எப்படி விடச் சொல்றது? பட்டது நீங்க. வரச் சொல்லுங்க. கேட்டு வாங்குங்க. நானும் வர்றேன்."

செங்கோடனுக்கு நம்ப முடியவில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நடை வேகமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கண்ணாடி முன்னால் சவரம் செய்துகொண்டே செங்கோடன் ஒத்திகை பார்த்தார். 'அன்னைக்கு உங்க வீட்டுப் படியில உங்க தங்கச்சி நின்னாளே, ஞாபகம் இருக்குதுங்களா மச்சான்?' அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும். மூடிய கதவுக்கு முன்னால் அவரை உட்கார வைத்து, நிதானமாகக் கேட்க வேண்டும். சொல் வந்த பிறகுதான் கதவு.

முதலில் அம்மா வந்தார். உள்ளே வராமல் வாசற்படியிலேயே உட்கார்ந்தார்.

"என்னங்கம்மா, படியில உக்காந்துட்டீங்க? உள்ள வாங்க."

"கதவைத் தொறந்ததும் வர்றேன்."

"வீட்டுக் கதவு தொறந்துதானுங்களே இருக்குது."

அம்மா தலையசைத்தார். எழவில்லை.

மடத்து அம்மா தன் வீட்டுப் படியில் உட்கார்ந்திருப்பதைத் தெருவில் போகிறவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். செங்கோடனுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் எண்ணியதை மாற்றிக்கொள்ளவில்லை.

பூங்கொடி கையைப் பிடித்து ராக்கியப்பனைக் கூட்டி வந்தாள். துவைத்த வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. செருப்பைத் தெருவிலேயே கழற்றியிருந்தார். முன்பெல்லாம் ஆறு வீட்டுக்குக் கேட்கிற குரல். இப்போது ஆளே பாதியாகியிருந்தார். பூங்கொடி அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று ஓடிவிட்டாள்.

ராக்கியப்பன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பினார். தேக்குக் கதவு காலை வெளிச்சத்தில் மின்னியது. கண்ணை இடுக்கிப் பார்த்தார். மெதுவாக இரண்டு கையையும் கூப்பினார்.

"நடை இன்னும் தொறக்கலையா மாப்பிள்ளை?"

செங்கோடனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எந்த நடைங்க?"

"அம்மன் நடைதான். சாத்தித்தானே காட்டறாங்க." ராக்கியப்பன் முகமெல்லாம் விரிந்தது. "அடேயப்பா! நெஜக் கதவு மாதிரியே தெரியுதே. பித்தளைக் குமிழு கூட மினுங்குது. எனக்கே தெரியுதுன்னா பாத்துக்க. புது டிவின்னா புது டிவிதான் மாப்பிள்ளை."

தொலைவில் கோயில் மேளம் கேட்டது. ராக்கியப்பன் கூப்பிய கையை இறக்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கோயிலில் நிற்பவர்கள் பார்ப்பார்களே, அந்த மாதிரி.

செங்கோடன் வாயைத் திறந்தார். ஒத்திகை பார்த்தது நாக்கு நுனி வரை வந்து நின்றது. இது அம்மன் நடை இல்லை, அன்றைக்கு நீர் பூட்டியதற்குப் பதிலாக நான் போட்ட கதவு என்று இந்த ஆளிடம் எப்படிச் சொல்வது? கும்பிட்டுக்கொண்டு அல்லவா உட்கார்ந்திருக்கிறார்?

படிப்பக்கம் திரும்பிப் பார்த்தார். அம்மா தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேளம் வேகம் எடுத்தது.

"நேரம் ஆகுதே. சீக்கிரம் தொறந்துருவாங்களா?" என்றார் ராக்கியப்பன்.

"தொறந்துருவாங்க மச்சான்" என்றார் செங்கோடன். அவருக்கே தெரியாமல் வந்துவிட்டது.

எழுந்து போய் இரண்டு குமிழையும் பிடித்து இழுத்தார். ரிமோட்டை அமுக்கினார். சுவர் முழுக்கக் கோபுரம் எழுந்தது. கலசத்தின் மேல் குருக்கள்மார் தண்ணீர் ஊற்றினார்கள்.

"தொறந்துட்டாங்க!" ராக்கியப்பனின் கை தலைக்கு மேல் போனது. "தாயே, செல்லாண்டி! உன் பேரைத்தானே எங்க தங்கச்சிக்கு வெச்சோம்." கன்னத்தில் வழிந்ததை அவர் துடைக்கவில்லை.

செங்கோடன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். தங்கச்சி என்று வந்துவிட்டது. அடுத்தது அதுதான். இதோ, உதடு அசைகிறது.

"சத்தம் பத்தலை மாப்பிள்ளை. கொஞ்சம் கூட்டி வை" என்றார் ராக்கியப்பன்.

செங்கோடன் கூட்டி வைத்தார்.

அம்மா படியிலிருந்து எழுந்து உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். மூன்று பேரும் பார்த்தார்கள். செங்கோடன் காப்பி கொண்டுவந்தார். சர்க்கரை போதவில்லை என்றார் ராக்கியப்பன். மறுபடி போட்டுக் கொடுத்தார். கூட்டத்தில் தெரிந்தவர்கள் யாரெல்லாம் நிற்கிறார்கள் என்று மச்சான் கேட்டார். செங்கோடன் ஒவ்வொருவராகப் பார்த்துச் சொன்னார்.

எல்லாம் முடிந்து பூங்கொடி வந்து கையைப் பிடித்தாள். வாசலில் ராக்கியப்பன் நின்றார். செங்கோடனும் நின்றார்.

"இன்னும் நாப்பத்தெட்டு நாளைக்கு மண்டல பூஜை நடக்குமாம். டிவில போடுவாங்கல்ல?"

"போடுவாங்க."

"அப்ப வர்றேன் மாப்பிள்ளை."

போய்விட்டார்.

செங்கோடன் தெருமுனை வரை அவர் போவதைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பினார். அம்மா காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தார்.

"சொல்லலையே அம்மா."

"சொல்லலைங்கண்ணா."

"வாங்காமலே தொறந்துட்டேன். இத்தனை வருசம் காத்திருந்து, கடைசில நான் ஏமாந்தவனாயிட்டேன்."

"பாக்கி அப்படியேதான் இருக்குது. நீங்க விட்டுக் கொடுத்ததா நான் எங்கயும் சொல்லமாட்டேன்."

"எனக்கு அந்தச் சொல்லு வேணுமுங்கம்மா. அவ போயிட்டா. நானாவது கேட்டுட்டுப் போகோணும்."

"வேணும்தான். நியாயமும் அதுதான்."

"எப்பத்தானுங்க வரும்?"

அம்மா தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

"தெரியலைங்கண்ணா. அது வர்ற வரைக்கும் அவரு வந்துட்டே இருக்கோணுமல்ல? நாற்காலி அவருக்கு ரொம்பத் தாழ்வா இருக்குது, எந்திரிக்கையில முட்டியைப் பிடிச்சுட்டாரு. நாளைக்கு உயரமா ஒண்ணு பாத்துப் போடுங்க."