செங்காலி உடைத்த ஓடு

கடலில் இருந்தவையும் கரையில் இருந்தவர்களும் ஒரே பாஷையில் பேசி, அதே பாஷையில் சண்டையும் போட்டுக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், சங்குநண்டுக்குச் சொந்தமாக ஓடு இருந்தது. கூடவே பிறந்து கூடவே வளர்ந்த ஓடு. அதைக் கழற்றலாம் என்ற நினைப்பே அந்தக் குலத்தில் யாருக்கும் வந்ததில்லை.

அந்தக் குலத்தில் செங்காலி என்று ஒருத்தி. ஓரிடத்தில் இருக்கமாட்டாள். மற்றவர்கள் பாறை இடுக்கில் கண்ணயர்ந்திருக்கும்போதும் எதையாவது கிளறிக்கொண்டிருப்பாள். அவளுடைய ஓடு தேன் நிறம், அதன்மேல் மூன்று பழுப்பு வரிகள். அலை விலகி வெயில் படும்போது தன் ஓட்டைத் தானே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொள்வாள். அவ்வளவு பெருமை.

கரையில் உலகம்மாவின் சுண்ணாம்புக் காளவாய் இருந்தது. செத்து ஒதுங்கிய சிப்பியையும் சங்கையும் பொறுக்கி, விறகோடு அடுக்கி, துருத்தியால் காற்று ஊதி வேகவைத்து, வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு எடுப்பாள். முதலில் அவள் காளவாய் ஒன்றுதான். ஊர்கள் பெருத்து வீடுகள் எழும்ப எழும்ப, கரை நெடுக நூறு காளவாய் புகைந்தது. கடலோ வந்தவரை வாசலில் நிறுத்தத் தெரியாதது. அத்தனை காளவாய்களும் விட்ட புகைமூச்சையும் உள்ளே வாங்கிக்கொண்டது.

ஒரு நாள் பாறையிலிருந்து சிப்பி மதினி போட்ட கூச்சலில் செங்காலி விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள்.

"என் பிள்ளைகளைப் பாருடி!"

போன வருஷம் இதே நாளில் மதினியின் குஞ்சுகள் நகம் நகமாய் ஓடு கட்டியிருந்தன. இப்போது வெங்காயச் சருகு மாதிரி ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. செங்காலி இடுக்கியால் மெல்லத்தான் தொட்டாள். ஒரு குஞ்சு நொறுங்கிப்போயிற்று.

செங்காலி இடுக்கியை மார்போடு சேர்த்துக்கொண்டாள். மதினி அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"தண்ணி கடுக்குதுடி," என்றாள் மதினி. "நாங்க கட்டக் கட்ட யாரோ பின்னாலேயே கரைக்கிற மாதிரி இருக்கு. இப்படியே போனா இந்தப் பாறையில ஒண்ணும் மிஞ்சாது."

கடல் உள்வாங்கியதும் பெரிய பாறைக்குழியில் கூட்டம் கூடியது. நத்தைகள், கடல் முள்ளெலிகள், மட்டிகள் என்று ஓடு உள்ளவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். ஓடே இல்லாத பேய்க்கணவாய் அண்ணாச்சியும் வந்து, எட்டுக் கைகளையும் மடித்து நடுவில் உட்கார்ந்தார். பேச்சில் அவரை வென்றவர் அந்தக் கடலில் கிடையாது.

"காளவாய்ப் புகைதான் அண்ணாச்சி," என்றாள் செங்காலி. "புகை கூடக் கூட ஓடு மெலியுது."

"புகையா!" அண்ணாச்சி குலுங்கிச் சிரித்தார். "புகைன்னா என்ன தாயி? மூச்சுதானே? நீ விடுறதும் அதுதான், நான் விடுறதும் அதுதான். கடல் பிறந்த நாளிலிருந்து மூச்சை விழுங்கிக்கிட்டுத்தான் இருக்கு. அது எத்தாம் பெரிசு, இது எத்தனூண்டு! ஆத்துத்தண்ணி கலக்குது, அது கடுக்காதா? வெயில் கூடிப்போச்சு, அது வாட்டாதா? மதினி வீட்டுப் பிள்ளைகள் பிறவியிலேயே சவலையோ என்னவோ. காரணம் நூறு இருக்கும்மா."

"அதுவும் ஞாயந்தானே," என்றது ஒரு நத்தை. நாலைந்து மட்டிகள் வாயைத் தட்டி ஆமோதித்தன.

செங்காலிக்கு முதுகு முழுக்கச் சூடேறியது. "அப்போ பார்த்துடுவோம்!" என்று கத்தினாள்.

நேரே உலகம்மாவிடம் போனாள். விஷயத்தைக் கேட்டதும் உலகம்மா துருத்தியைக் கீழே போட்டாள்.

"ஏண்டி, என் பொழைப்புல மண்ணைப் போடவா பக்கவாட்டுல நடந்து வந்தே?"

"இல்லக்கா. உங்க மேல தப்பில்லேன்னாலும் சோதிச்சுப் பார்த்தா தெரிஞ்சுடுமில்ல?"

உலகம்மா பக்கத்திலிருந்த கூடைக்குள் கையை விட்டு ஒரு சிப்பியை எடுத்தாள். விரலிடுக்கிலேயே அது உதிர்ந்தது. கொஞ்ச நாளாகவே அவளுக்கும் மனசுக்குள் ஒரு முள் இருந்தது. "சரி, என்ன செய்யணும் சொல்லு," என்றாள்.

பாறைக்குழியின் விளிம்பில் இரண்டு மண்சட்டிகளை வைத்தார்கள். இரண்டிலும் கடல்நீர். ஒன்றில் காளவாயின் மூச்சைத் துருத்தியில் பிடித்துவந்து, நாணல்குழல் வழியாக விடுவது. ஒவ்வொன்றிலும் ஒரு நத்தை ஓட்டைப் போட்டுவைத்து எது கரைகிறது என்று பார்ப்பது.

"பொறு பொறு," என்றார் அண்ணாச்சி. "ரெண்டும் ஒரே இடத்துத் தண்ணிதானா?"

உலகம்மா இரண்டையும் கொட்டிவிட்டு ஒரே குடத்திலிருந்து ஊற்றினாள்.

"ஊதுறதுனாலேயே கரைஞ்சா? மத்த சட்டியில வெறுங்காத்தை ஊது."

அதற்கும் இன்னொரு துருத்தி வந்தது.

"இப்போ ஓட்டைக் காட்டு." செங்காலி இரண்டு நத்தை ஓடுகளைக் காட்டினாள். "ஒண்ணு கிழடு, ஒண்ணு இளசு. செல்லாது." வேறு இரண்டு காட்டினாள். "இது வெயில்ல கிடந்தது, அது நிழல்ல கிடந்தது. செல்லாது." பத்து ஜோடி காட்டியும் பத்தும் செல்லாமல் போனது. அண்ணாச்சி எட்டுக் கைகளையும் விரித்தார். "உலகத்துல ஒரே மாதிரி ரெண்டு ஓடே கிடையாது தாயி. நீ எப்படிக் காட்டினாலும் நான் ஒத்துக்க வேண்டியதில்ல. கூட்டம் முடிஞ்சுது!"

கூட்டம் கலையத் தொடங்கியது. செங்காலி தன் இடுக்கியைப் பார்த்தாள். அந்தக் குஞ்சின் தூள் இன்னும் அதில் ஒட்டியிருப்பதாகவே அவளுக்குத் தோன்றியது.

"ரெண்டு எதுக்கு?" என்றாள். "ஒண்ணு போதும்."

யாருக்கும் புரியுமுன் உடம்பை முறுக்கி, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, பிறந்தது முதல் கழற்றாத ஓட்டைக் கழற்றினாள். பஞ்சு மாதிரி வெளிறிய வயிறு வெளியே தெரிந்தது. "அடிப் பைத்தியக்காரி!" என்று மதினி அலற அலற, ஓட்டைப் பாறையில் ஓங்கி அடித்தாள். அது நடுவில் சரிபாதியாகப் பிளந்தது.

"ஒரே ஓடு, ஒரே வயசு, ஒரே வெயில். இப்போ சொல்லுங்க அண்ணாச்சி."

அண்ணாச்சியின் பார்வை ஓட்டின் மேல் இல்லை. செங்காலியின் வயிற்றின் மேல் இருந்தது.

ஏழு நாள் உலகம்மா இரண்டு துருத்திகளையும் மாற்றி மாற்றி ஊதினாள். ஏழு நாளும் செங்காலி அவள் கொடுத்த சிரட்டைக்கு அடியில் கிடந்தாள். "சிரட்டைக்காரி! சட்டினி இருக்கா?" என்று நத்தைகள் கேலி செய்துவிட்டுப் போயின. போகட்டும். சட்டிக்குள் எட்டிப் பார்க்கத்தான் அவளுக்கு உயிர் துடித்தது.

எட்டாம் நாள் குழியைச் சுற்றி நிற்க இடமில்லை. உலகம்மா வெறுங்காற்றுச் சட்டிக்குள் கையை விட்டுப் பாதி ஓட்டை எடுத்தாள். அதே தேன் நிறம், அதே மூன்று வரி. தட்டினாள். கணீரென்றது.

பிறகு புகைச் சட்டி. அதில் கிடந்த பாதியில் வரிகளைக் காணோம். சாம்பல் பூத்துக் கிடந்தது. செங்காலி தானே போய் இடுக்கியால் தூக்கினாள். நனைந்த அப்பளம் மாதிரி அது இரண்டாய் விண்டு விழுந்தது.

குழியே அதிர்ந்தது! மட்டிகள் படபடவென்று அடித்துக்கொண்டன. முள்ளெலிகள் உருண்டு புரண்டன. உலகம்மா மட்டும் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"சிப்பி வேகும்போது அதுக்குள்ளே இருந்த மூச்சு வெளியே போயிடும், சுண்ணாம்பு மட்டும் நிக்கும்," என்றாள் மெதுவாக. "போன மூச்சும் விறகோட மூச்சும் சேர்ந்து கடலுக்குள்ளே வந்து, உசிரோட இருக்கிறவங்க ஓட்டைக் கேக்குது. இத்தனை நாள் துருத்தி போட்டது நான்."

"சட்டி சட்டிதான், கடல் கடல்தான்!" அண்ணாச்சி விடவில்லை. "சட்டியில நடந்தது கடல்லயும் நடக்கும்னு யார் கண்டா?"

அப்போதுதான் மதினி வாய் திறந்தாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் அண்ணாச்சி. எங்க ஓடு மெலிய மெலிய உங்க வயிறு மட்டும் ஏன் பெருத்துக்கிட்டே போகுது? முன்னெல்லாம் ஒரு மட்டியைத் திறக்க அரை நாள் முக்குவீங்களே?"

எல்லாக் கண்களும் அவர் வயிற்றின் மேல் போய் நின்றன. கடலையே பேசி மடக்கியவர் வாயைத் திறந்தார். வார்த்தைக்குப் பதிலாகக் குபுக்கென்று கறுப்பு மைதான் வந்தது.

குழி இருண்டது. தள்ளுமுள்ளில் செங்காலியின் சிரட்டை நழுவிப்போனது. அந்த இருட்டுக்குள்ளிருந்து வழவழவென்று ஒரு கை வந்து அவள் வயிற்றைத் தடவியது. துள்ளி ஓடினாள். ஓடிய ஓட்டத்தில் போய் விழுந்தது அண்ணாச்சியின் பொந்து வாசலிலேயே. தின்று எறிந்த காலி ஓடுகள் அங்கே குவியலாய்க் கிடந்தன. கிடைத்த ஒன்றில் வயிற்றைத் திணித்தாள். அவர் கை ஓர் இறுக்கு இறுக்கியதும் அது பொலபொலவென்று உதிர்ந்தது. புகை தின்ற ஓடு!

அடுத்ததைப் பிடித்தாள். கை துரத்தி வருகிறது. ஆனாலும் இந்த முறை அவள் அவசரப்படவில்லை. வெளியே ஒரு தடவு. உள்ளே இடுக்கியை விட்டு ஒரு சுரண்டு. மெலிசு, தள்ளினாள். இன்னொன்று. தடவினாள், சுரண்டினாள். கெட்டி! சட்டென்று நுழைந்து இடுக்கியால் வாசலை அடைத்துக்கொண்டாள். அண்ணாச்சி எட்டுக் கைகளாலும் நெருக்கிப் பார்த்தார். ஓடு அசையவில்லை. யாரோ ஒரு நத்தை, பழைய நாளில் பொறுமையாகக் கட்டிய ஓடு அது.

உலகம்மா அன்றே காளவாயை அவித்தாள். சட்டியைப் பார்க்கக் கரை நெடுகிலுமிருந்து ஆட்கள் வந்தார்கள். பார்த்ததும் துருத்தியைக் கீழே வைத்தவர்கள் கொஞ்சம் பேர். "சட்டி சட்டிதான்" என்று சொல்லிக்கொண்டே திரும்பிப்போய் ஊதியவர்களும் உண்டு. அடுத்த வருஷம் மதினியின் குஞ்சுகளில் பாதி, நகம் நகமாய் ஓடு கட்டின.

தேன் நிறத்துப் பாதி ஓடு சட்டிக்குள்ளேயே கிடந்தது. செங்காலி அவ்வப்போது வந்து அதைத் தொட்டுப் பார்ப்பாள். ஆனால் பாதி ஓட்டுக்குள் யார் குடியிருக்க முடியும்?

பதில் கிடைக்காமல் முட்டிக்கொண்டால் பேய்க்கணவாய் மையைக் கக்கிவிட்டு மறைகிற வழக்கம் அன்றைக்கு வந்ததுதான். அன்று முதல்தான் சங்குநண்டு குலத்துக்கே சொந்த ஓடு இல்லாமல் போனது. வளர வளர அடுத்தவர் ஓட்டைத் தேடி அலைகிறது. இப்போதும் நீங்கள் பாருங்கள், பின்னாலேயே எமன் வந்தாலும் சரி, வெளியே தடவி, உள்ளே இடுக்கியை விட்டுச் சுரண்டிப் பார்க்காமல் அது எந்த ஓட்டுக்குள்ளும் நுழையாது.