முப்பத்தாறு வாட் விளக்கு

"பெரிய விளக்காக் கொடுங்க அக்கா. சின்னது வேண்டாம்" என்றார் ஆவுடையப்பன்.

பெர்பெத்து கையில் இருந்த வலையைக் கீழே வைத்தார்.

"மீன் தொட்டி எத்தனை லிட்டர்?"

"எண்பது."

"விளக்கு எத்தனை வாட் வேணும்?"

"முப்பத்தாறு."

"எண்பது லிட்டருக்கா? அதை வச்சு ஒரு குளத்தையே சுத்தம் பண்ணலாம் அண்ணாச்சி."

ஆவுடையப்பன் சிரிக்கவில்லை.

தூத்துக்குடியில் வீட்டுக்குள் கடல் மீனும் பவளமும் வளர்க்கிறவர்கள், சந்தேகம் வந்தால் பெர்பெத்துவின் கடையில்தான் வந்து நிற்பார்கள். பெர்பெத்துவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஆனால் தலை நரைத்தவர்களும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கேட்டதை எடுத்துக் கொடுத்துவிடும் பழக்கம் அவருக்குக் கிடையாது. அதனால் கடை வளரவே இல்லை. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

ஆவுடையப்பன் கேட்டது யூ.வி. விளக்கு. தொட்டித் தண்ணீரை மோட்டார் வைத்து ஒரு குழாய்க்குள் ஓடவிட வேண்டும். குழாய்க்குள் எரியும் ஒளி, தண்ணீரோடு வருகிற கிருமிகளைக் கொன்றுவிடும்.

"எதைக் கொல்லணும்?" என்று கேட்டார் பெர்பெத்து.

"எல்லாத்தையும்."

அவர் சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. ஆவுடையப்பனுக்கு ஆஸ்பத்திரியில் வேலை. அறுவைச் சிகிச்சைக் கருவிகளை நீராவியில் வைத்துக் கிருமி நீக்கும் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறார். கருவிப் பொட்டலத்தின் மேல் ஒட்டிய நாடாவில், நீராவிச் சூடு சரியாக ஏறியதற்கு அடையாளமாகக் கோடு கறுத்தால்தான் அது அவர் கையைவிட்டுப் போகும். கறுக்காவிட்டால் பெரிய டாக்டரே வந்து சத்தம் போட்டாலும் கொடுக்க மாட்டார்.

"தொட்டியில என்ன பிரச்சினை?"

"மாண்டரின் மீன் ஒண்ணு கெடக்கு. மெலிஞ்சுக்கிட்டே போகுது. வயிறு உள்ள ஒட்டிப்போச்சு. தாரணி காலைல எந்திரிச்சதும் அதைத்தான் பாக்கா. அது செத்துட்டுன்னா..."



"தாரணி யாரு?"

"எம்பொண்ணு. பதினோரு வயசு. ரத்தத்துல நோவு வந்து ரெண்டு வருஷம் வைத்தியம் பாத்தோம். வெளிய போகக்கூடாது, ஆள் அண்டக்கூடாதுன்னாங்க. அவ ரூம் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் தொட்டியை வச்சேன். ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்து பாப்பா."



"இன்னைக்கு விளக்கு இல்லை. தொட்டியில எதெல்லாம் உயிரோட இருக்கணும்னு நினைக்கிய? அதை எழுதிக்கிட்டு நாளைக்கு வாங்க."

பெர்பெத்துவுக்குப் பின்னால் அலமாரியில் நாலு விளக்குகள் பெட்டியோடு இருந்தன. ஆவுடையப்பன் பெட்டிகளைப் பார்த்தார், பெர்பெத்துவைப் பார்த்தார், வெறுங்கையோடு போனார்.

மறுநாள் ஒரு தாளோடு வந்தார். அதில் மூன்றே வரிகள்.

மாண்டரின்.

பவளம், இரண்டு துண்டு.

நத்தை.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"மாண்டரினுக்குத் தின்ன என்ன போடுதிய?"

"டப்பாவுல வார தீனிதான். அது திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கு."

பெர்பெத்து தன் தொட்டி ஒன்றில் பாறை இடுக்கு ஓரமாக ஒரு கண்ணாடி டம்ளரை முக்கித் தண்ணீர் எடுத்தார். அதை ஆவுடையப்பன் கையில் கொடுத்துவிட்டு, கடை விளக்கை அணைத்து, டம்ளருக்குப் பின்னால் டார்ச் அடித்தார்.

ஆவுடையப்பன் குனிந்து பார்த்தார். தண்ணீர் முழுக்க ரவை போல வெள்ளைப் பொடிகள். பொடிகள் துள்ளின. துள்ளித் துள்ளி வெளிச்சத்தைப் பார்த்து வந்தன.

அவர் டம்ளரை அவசரமாக மேஜையில் வைத்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்தார்.

"என்னக்கா இது?"

"மாண்டரினோட சோறு. உயிரோட ஓடுறதைத்தான் அது கொத்தித் திங்கும். பொழுது விடிஞ்சதுலருந்து அடையற வரைக்கும் பாறை பாறையா மேஞ்சுக்கிட்டே இருக்கும். சின்னத் தொட்டிக்கு அதைக் கொடுத்தவனை முதல்ல சொல்லணும். சரி, அது இருக்கட்டும். உங்க தொட்டிப் பாறையில இந்தப் பூச்சி இருக்கா?"

"இருக்காது. பாறையை மூணு நாள் பிளீச்சிங் தண்ணியில ஊறப்போட்டேன். பெறகு பத்து நாள் மொட்டை மாடி வெயில்ல காயவச்சேன். ஒரு பூச்சி புழு கிடையாது."

இதை அவர் பெருமையாகத்தான் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் முகம் மாறியது.

"அப்ப நோவு இல்லியா?"

"இல்லை."

"பட்டினியா?"

"ஆமா."

ஆவுடையப்பன் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நோய் என்றால் அதற்கு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியும். தன் கையாலேயே ஓர் உயிரைப் பட்டினி போட்டிருக்கிறோம் என்பதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, அந்த மீனை நினைத்துத் துக்கமாக இருந்தது.

இருந்தாலும் இருபத்திரண்டு வருஷப் பழக்கம் லேசில் விடுமா?

"விளக்கு போட்டா இந்தப் பூச்சியும் சாகுமா?"

"குழாய்க்குள்ள வந்தா சாகும். எது நோவு, எது சோறுன்னு விளக்குக்குத் தெரியாது."

"அப்ப விளக்கே வேண்டாம்னு சொல்லுதியளா?"

"நான் எங்க சொன்னேன்? புது மீன் விட்டு வெள்ளைப்புள்ளி நோவு வந்தா நானே போடுவேன். உங்க தொட்டிக்கு அஞ்சு வாட் போதும். தண்ணி மெதுவா ஓடணும். வேகமா ஓடுனா கிருமி தப்பிச்சிரும். நோவு போன பெறகு அணைச்சிருவேன்."

"அணைக்கணுமா?"

"அணைக்கணும்."

"அணைச்ச பெறகு நோவு திரும்ப வந்தா?"

"திரும்பப் போடுவேன்."

ஆவுடையப்பன் தலையை ஆட்டினார். ஒப்புக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

பெர்பெத்து உள்ளே போனார். ஒரு கையில் ஐந்து வாட் விளக்கும் மறு கையில் ஒரு வாளியுமாக வந்தார். வாளியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு பாறையை எடுத்து விளக்குக்குப் பக்கத்தில் மேஜை மேல் வைத்தார். சிமெண்டும் கிளிஞ்சலும் குழைத்து அவரே செய்து, மூன்று வருஷம் தொட்டியில் போட்டு வைத்திருந்த பாறை அது. பச்சையும் ஊதாவுமாகப் படர்ந்திருந்தது. ஒரு துளையிலிருந்து மெல்லிய புழு ஒன்று எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது.

"இன்னைக்கு இதுல ஒண்ணுதான் தருவேன். எது வேணும்?"

ஆவுடையப்பன் பாறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்குள்ள என்னென்ன இருக்கு?"

"முழுசாத் தெரியாது."

"நோவு இருந்தா?"

"என் தொட்டியில இதுவரைக்கும் இல்லை. இருக்கவே இருக்காதுன்னு எழுதித் தர மாட்டேன்."

"தெரியாத ஒண்ணை எப்படிக்கா வீட்டுக்குள்ள கொண்டு போறது? தாரணி இருக்காள்லா?"

பெர்பெத்து பாறை மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தார்.

"தாரணி இப்ப எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா. முடியெல்லாம் வளந்துட்டு."

"டாக்டர் என்ன சொல்லுதாரு?"



"இனி பயமில்லைன்னாரு. எல்லாப் பிள்ளையும் மாதிரி இருக்கலாம், ஸ்கூலுக்கு அனுப்புங்கன்னாரு."

"எப்ப சொன்னாரு?"

"ஸ்கூல் தொறக்கும்போது. ஜூன்ல."

வெளியே ஐப்பசி மழை தூறிக்கொண்டிருந்தது. பெர்பெத்து அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். ஆவுடையப்பனாகத்தான் சொன்னார்.

"அவ அம்மையும் சொல்லிப் பாத்துட்டா. எனக்குத்தான் மனசு ஒப்பல. நாற்பது பிள்ளைய ஒரே ரூம்ல இருக்கும். எது இருமுதோ, எது என்னத்தைக் கொண்டு வருதோ?"

"தாரணி கேக்கலியா?"

"தினமும் கேட்டா. எப்ப அனுப்புவிய, எப்ப அனுப்புவியன்னு."

"இப்ப?"

"செப்டம்பர்லருந்து கேக்கல."

ஆவுடையப்பன் வாயிலிருந்து வந்த வார்த்தைதான். ஆனால் அதை இப்போதுதான் காதால் கேட்டவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பிள்ளை பிடிவாதத்தை விட்டுவிட்டாள் என்று இத்தனை நாள் நிம்மதியாக இருந்திருக்கிறார்.

மழை வலுத்தது. பெர்பெத்து விளக்கை எடுத்து அலமாரியில் வைக்கவுமில்லை, அவர் பக்கம் தள்ளவுமில்லை.

வெகுநேரம் கழித்து ஆவுடையப்பன் எழுந்தார். காலியான தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்து, டம்ளரில் இருந்ததை ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் அதில் ஊற்றினார்.

"இது இன்னைக்கு அதுக்குப் போதுமாக்கா?"

"இன்னும் ரெண்டு டம்ளர் எடுத்துத் தாரேன். ரெண்டு நாள் தாங்கும்."

பாட்டிலை நிரப்பிக் கொடுத்துவிட்டு, பெர்பெத்து பாறையை ஈரச் செய்தித்தாளில் சுற்றப் போனார்.

"சுத்தாதிய. தண்ணியிலேயே போட்டு வைங்க. நாளைக்குச் சாயங்காலம் நாலரைக்கு வாரேன்."

"எதுக்கு அவ்வளவு நேரம்? காலைல ஒம்பதுக்கே கடையைத் தொறந்திருவேன்."

"தாரணி வந்து எடுத்துக்கிடட்டும் அக்கா" என்றார் ஆவுடையப்பன். "ஸ்கூல் நாலு மணிக்குத்தான் விடும்."