கட்டை போட்ட தேர்

"அம்மா, எனக்கு ஒரு மந்திரம் வேணும்," என்றார் ஆவுடைநாயகம்.

"எதுக்கு அண்ணாச்சி?" என்று கேட்டாள் உலகம்மாள்.

"ஒறக்கத்துக்கு."

உலகம்மாள் மலையடிவார மடத்தின் தலைவி. அவள் மடியில் ஒரு கூடை வெண்டைக்காய் இருந்தது. ஆவுடைநாயகம் அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். இளையவளுக்குச் சீடனாக இருக்கிறோமே என்று அவர் கூச்சப்பட்டதில்லை. கூச்சப்படுவதற்கு அவருக்கு நேரமும் கிடையாது. மருதப்பேரிக் கோயிலின் தேர்த்திருவிழா மொத்தமும் அவர் பொறுப்பு.

"ஒறக்கம் மட்டுந்தானா? வேற ஏதும் உண்டா?"

யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த மனிதர். கொட்டித் தீர்த்துவிட்டார்.

"நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிட்டே கெடக்கு. தலை கொதிக்கு. கழுத்து இறுகிப்போயி திருப்ப முடியல. சாப்பிட்டா வயிறு எரியுது, சாப்பிடலன்னாலும் எரியுது. டவுன் டாக்டர் பிரஷர்னு சொல்லிட்டாரு. இப்படியே ஓடினா ஒருநாள் விழுவீங்க, எந்திரிக்க மாட்டீங்கன்னுட்டாரு."

கொஞ்சம் நிறுத்தினார்.

"மக முழுகாம இருக்கா அம்மா. பேரப்பிள்ளையக் கையில வாங்காமப் போயிருவேனோன்னு பயமா இருக்கு."

உலகம்மாள் வெண்டைக்காயைக் கீழே வைத்தாள். அவளுக்கும் மனசு கனத்துத்தான் போயிற்று.

"மாத்திரை தந்தாரா?"

"தந்தாரு."

"சாப்பிடுதீங்களா?"

"அதுக்கெங்க நேரம்? தேர் வேலை தலைக்கு மேல கெடக்கு."

"தேரோட்டம் எப்போ?"

"நாளைக்கழிச்சு."

"வேலைய எப்பத் தொடங்கினீங்க?"

"போன வருஷம் தேர் நிலைக்கு வந்துச்சே, அன்னைக்கு ராத்திரி."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அப்படி என்ன பயம்?"

அதுவும் ஒரு கதை. சில வருஷங்களுக்கு முன்னால் தெற்குத் தெரு முக்கில் தேர் திரும்பும்போது சக்கரம் வழுக்கி, இசக்கிமுத்துவின் காப்பிக்கடைக் கூரையைப் பெயர்த்துவிட்டது. ஆளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஒரு பாய்லர் நசுங்கியது, ஒரு தாம்பாளம் வடை மண்ணாய்ப் போனது. ஊர் அன்றைக்கே சிரித்து மறந்துவிட்டது. ஆவுடைநாயகம் மறக்கவில்லை.

"கண்ண மூடினா அந்தச் சக்கரம் வருது அம்மா."

"எனக்கு அந்த வடை வருது," என்றாள் அவள். "சரி, மந்திரம் தாறேன். தேரன்னைக்கு, வடத்துப் பக்கத்துல. அதுவரைக்கும் மாத்திரைய விடாமச் சாப்பிடுங்க."

"அதுக்கும் மந்திரத்துக்கும் சம்பந்தம் உண்டா?"

"அதுதான் பாதி மந்திரம்."

தேரன்று வெயில் காலையிலேயே ஏறிவிட்டது. மேளமும் வேட்டுமாக ஊர் ஒரே அமர்க்களம். உலகம்மாள் காவிச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கூட்டத்தில் புகுந்து வந்தாள். ஆவுடைநாயகம் மைக்கில் கத்திக்கொண்டு நின்றார். அவள் மைக்கை வாங்கி வேறு யாரிடமோ கொடுத்துவிட்டு, அவர் கையில் வடத்தை வைத்தாள்.

"பிடிங்க. நான் சொல்லுத வரைக்கும் இறுக்கம் தளரக் கூடாது."

தீட்சை தொடங்கிவிட்டது என்று அவருக்குப் புல்லரித்தது.

சங்கு ஊதியது. ஊரே ஒரு மூச்சாக இழுத்தது. தேர் முனகி, அசைந்து, கிளம்பியது. அவரும் இழுத்தார். எத்தனை வருஷமாயிற்று, வடம் தொட்டு! மற்றவர்களை விரட்டியே காலம் போய்விட்டது. அவருக்கு அழுகை வரும்போல் இருந்தது, சந்தோஷத்தில்தான்.

தெற்குத் தெரு முக்குக்குச் சற்று முன்னால் தேர் நின்றது. ஆட்கள் ஓடிப்போய்ச் சக்கரங்களுக்கு அடியில் முட்டுக்கட்டைகளைச் செருகினார்கள். கூட்டம் வடத்தைப் பொத்தென்று கீழே போட்டுவிட்டுப் பானக்கப் பந்தலுக்குள் பாய்ந்தது.

ஆவுடைநாயகமும் வடத்தைக் கீழே போடக் குனிந்தார்.

"நான் இன்னும் சொல்லலையே அண்ணாச்சி," என்றாள் உலகம்மாள். அவள் அதற்குள் ஒரு டம்ளர் பானக்கத்தோடு வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தாள்.

"தேர் நிக்குதே அம்மா."

"நிக்கட்டும். நீங்க இறுக்குங்க."

அவர் வடத்தின் நுனியைத் தூக்கி இறுக்கிப் பிடித்தார். அவ்வளவு பெரிய தேர், அதன் முன்னால் வேட்டியை மடித்துக் கட்டிய ஒற்றை ஆள். பந்தலில் இருந்தவர்கள் பார்த்தார்கள். பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

"அண்ணாச்சி, தேர வீட்டுக்குக் கொண்டு போறீகளோ?" என்று யாரோ கேட்க, பந்தல் அதிர்ந்தது.

"தொய்யுது, தொய்யுது," என்றாள் உலகம்மாள்.

அவர் பல்லைக் கடித்தார். சட்டை முதுகோடு ஒட்டியது. உள்ளங்கை எரிந்தது. மூக்கு நுனியிலிருந்து வேர்வை சொட்டியது. கடைசியில் பொறுமை போய்விட்டது.

"கட்டை போட்ட தேர இழுத்தா நகருமா அம்மா?"

"நகராது."

"பெறகு எதுக்கு இழுக்கணும்?"

"அதத்தான் நானும் ஒங்ககிட்டக் கேக்கணும்னு இருந்தேன்." அவள் ஒரு வாய் பானக்கம் குடித்தாள். "இப்ப ஒடம்புக்கு எப்படி இருக்கு?"

"எப்படி இருக்குமாம்? நெஞ்சு படபடன்னு அடிக்கு. தலை கொதிக்கு. கழுத்து இறுகி..."

அவர் வாய் அப்படியே நின்றது.

தேரைப் பார்த்தார். சக்கரத்தைப் பார்த்தார். சக்கரத்துக்கு அடியில் இருந்த கட்டையைப் பார்த்தார். அப்புறம் தன் கைகளைப் பார்த்தார்.

உலகம்மாள் டம்ளரின் அடியில் தங்கிய வெல்லத்தை விரலால் வழித்துக்கொண்டிருந்தாள்.

சங்கு மறுபடியும் ஊதியது. பானக்கம் குடித்துத் தெம்பான கூட்டம் ஆரவாரத்தோடு வடத்துக்கு ஓடி வந்தது. கட்டைகள் உருவப்பட்டன.

"இப்ப இழுங்க அண்ணாச்சி. இப்பத்தான் இழுக்கணும்."

ஆவுடைநாயகம் பிடிக்கப் பார்த்தார். விரல்கள் மடங்கவில்லை. எந்த முக்கை நினைத்து இத்தனை வருஷம் தூக்கம் கெட்டாரோ, அந்த முக்கு வந்துவிட்டது. அவர் கையில் பலமில்லை.

வடம் அவரை விட்டு நழுவிப் போனது.

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். இழுக்கிறவர்கள் இழுத்தார்கள். கட்டை போடுகிறவர்கள் சக்கரத்தின் போக்கைப் பார்த்துப் பார்த்துப் போட்டார்கள். இசக்கிமுத்து வழக்கம்போலப் பாய்லரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். தேர் கொஞ்சம் தயங்கியது. அப்புறம் பெரிய வீட்டுக் கல்யாணப்பெண் மாதிரி அலுங்காமல் திரும்பியது.

கூரையில் ஓர் ஓலைகூட அசையவில்லை.

தெற்குத் தெருவுக்குள் கொஞ்ச தூரம் போய்த் தேர் நின்றது. ஆவுடைநாயகம் மெதுவாகக் காப்பிக்கடைக்குள் போனார். இசக்கிமுத்து பாய்லரை விட்டுவிட்டு அவருக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்தான். அவர் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். வயிறு குளிர்ந்தது.

அந்த நேரம் பார்த்து கோயில் சாமான்கள் வைக்கும் உக்கிராண அறைப் பொறுப்பாளர் பூலுடையார் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். ஆவுடைநாயகத்திடமே வேலை பழகியவர்.

"அண்ணாச்சி, நாளன்னைக்குத் தெப்பம். மழை வந்துட்டா என்ன செய்ய?"

ஆவுடைநாயகத்தின் நெஞ்சு படக்கென்று ஓர் அடி அடித்தது. கழுத்து தானாக வானத்தைப் பார்க்கத் திரும்பியது. வானத்தில் பஞ்சளவு மேகம் இல்லை.

அவர் பார்வையை இறக்கித் தேர்ப் பக்கம் பார்த்தார்.

"சக்கரத்துக்குக் கட்டை போட்டாச்சாவே?"

"போட்டாச்சு."

ஆவுடைநாயகம் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்.

"அப்ப உக்காரும். வடை சூடா இருக்கு."