ஏழாம் நம்பர் ஆமா

மணல்தேரிவிளை வில்லுப்பாட்டுக் குழுவில் ஆள் நாலு பேர். அறிவை மொத்தமாகத் திரட்டினாலும் ஒரு ஆளுக்குக் காணாது. நான் சொல்லவில்லை, ஊரே சொல்லும். அண்ணாவி சுயம்புதான் தலைவர்; வில்லை அடித்துக் கதை பாடுவார். மாசானம் குடம் தட்டுவான். பூதலிங்கத்துக்கு ஜால்ரா. நாலாவது ஆள் தாணுமாலையன். அண்ணாவி ஒரு வரி சொல்லி நிறுத்தும்போதெல்லாம் "ஆமா" என்று சொல்வது அவர் வேலை. முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ராஜா காட்டுக்குப் போனான் என்றாலும் ஆமா, ராணி கிணற்றில் விழுந்தாள் என்றாலும் ஆமா. அந்த மனுஷன் வாயிலிருந்து 'இல்லை' என்ற சொல்லை இதுவரை யாரும் கேட்டதில்லை.

அவருக்கு ஒரே பெண், கோமதி. இரண்டு சம்பந்தம் பேசித் தட்டிப்போய், மூன்றாவதாகச் செல்லையா வீட்டில் இடம் அமைந்தது. மாப்பிள்ளை சிவதாணுவைக் கோமதிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நிச்சயம் வியாழக்கிழமை, நல்ல நேரம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு மணிக்குள். மாப்பிள்ளையின் அப்பா செல்லையா சபையில் "பொண்ணு குடுக்கச் சம்மதமா?" என்று கேட்பார். பெற்றவன் தன் வாயால் "ஆமா" சொன்னால்தான் தட்டு மாற்றுவார்கள். தாணுவுக்கு இதில் கவலையே இல்லை. அவருக்குத் தெரிந்த ஒரே தொழில் அதுதானே.

முந்தின நாள் புதன்கிழமை, கோயில் கொடைத் திருவிழாவுக்காகப் பாட்டைப் பதிவு செய்ய நாலு பேரும் நாகர்கோவிலுக்குப் போனார்கள். அங்கே பெனிட்டா என்கிற பெண் பிள்ளை சொந்தமாக ஒரு ஸ்டுடியோ வைத்திருந்தாள். உள்ளே நுழைந்ததும் நாலு பேரும் கும்பிட்டுவிட்டார்கள். சாமியை அல்ல, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் மேஜையை. ஆள் படுக்கிற நீளம். தேன் நிறத்தில் பலாமரச் சட்டம். வரிசை வரிசையாகத் திருகுகள், அவற்றுக்குக் கீழே மேலும் கீழும் தள்ளுகிற ஃபேடர்கள், தலைமாட்டில் கண்ணாடிக்குள்ளே மஞ்சள் வெளிச்சத்தில் சத்தத்துக்கு ஏற்ப ஆடுகிற முட்கள். மூன்று வருஷம் படம் வரைந்து, தன் கை நீளத்துக்கு அளவு கொடுத்துச் செய்த மேஜை என்றும், இதைப் போல இன்னொன்று உலகத்திலேயே கிடையாது என்றும் பெனிட்டா பெருமையாகச் சொன்னாள்.

மாசானத்துக்கு உடனே சந்தேகம். அளவெடுத்துச் செய்தது என்றால், நாளைக்கு இந்தப் பிள்ளை சதை போட்டால் மேஜையை என்ன செய்வார்கள்? நாலு பேரும் கூடிப் பேசினார்கள். ஓரத்தில் ரெண்டு விரற்கடை உள்ளே மடித்து வைத்திருப்பார்கள், வேண்டும்போது பிரித்துவிடலாம் என்று அண்ணாவி தீர்ப்புச் சொன்ன பிறகுதான் மாசானத்துக்கு மனசு ஆறியது.

பெனிட்டா பக்கத்துக் கண்ணாடி அறையில் வாய்க்கு ஒன்று, வாத்தியத்துக்கு ஒன்று என்று ஏழு மைக் வைத்தாள். ஃபேடர்களுக்குக் கீழே வெள்ளை நாடா ஒட்டி, ஒவ்வொன்றிலும் பேர் எழுதினாள். முதலாவது அண்ணாவி, ஏழாவது தாணு. "இதுதான் நீங்க அண்ணாச்சி" என்று ஏழாவதைத் தொட்டுக் காட்டினாள். தாணு மைக்குக்கு முன்னால் போய் ஒரு "ஆமா" போட, கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஏழாவது முள் விசுக்கென்று எழுந்து ஆடியது. முப்பது வருஷத்தில் அவருடைய ஆமாவுக்கு யாரும் திரும்பிப் பார்த்தது கிடையாது. தாணுவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மைக்கை விட்டு ஒரு சாண் தள்ளி இருக்கச் சொன்னாள் பெனிட்டா. பூதலிங்கம் மூக்குக்கும் மைக்குக்கும் நடுவில் கையைச் சாணாக விரித்துக் கடைசிவரை எடுக்கவே இல்லை. மிச்சம் இருந்த ஒரு கையால் ஜால்ரா அடிக்க முடியுமா? மூச்சு விடுகிற சத்தம்கூட மைக்கில் கேட்கும் என்றாள். அதைக் கேட்டு மாசானம் மூச்சை அடக்கி, இரண்டாவது பாட்டில் குடத்தின் மேலேயே சாய்ந்தான். தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள்.

கடைசிப் பாட்டில் தாணுவின் ஆமா அண்ணாவியின் குரலை அமுக்கியது. அப்போதுதான் பெனிட்டா அந்த வார்த்தையைச் சொன்னாள்.

"அண்ணாச்சி, உங்களை இப்ப மூடி வைக்கேன். நான் திறந்துவிடுத வரைக்கும் வாயத் திறக்கப்படாது, என்ன?"

தாணு தலையை ஆட்டினார். ஃபேடர் கீழே இறங்கியது. பாட்டு முடிந்தது, பெனிட்டாவுக்கு அவசரமாக ஒரு போன் வந்தது, எல்லோரையும் அனுப்பிவிட்டு ஸ்டுடியோவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஏழாம் நம்பரைத் திறக்கவில்லை.

பஸ்ஸில் கண்டக்டர் எங்கே இறங்கணும் என்று கேட்க, தாணு விரலால் காற்றில் ஊர்ப் பேரை எழுதினார். வாயில் வெற்றிலை போலிருக்கிறது என்று மற்றவர்கள் நினைத்தார்கள். ஊர் வந்து வாயைத் திறந்து பார்த்தால் வெற்றிலையும் இல்லை, பேச்சும் இல்லை. அப்புறம்தான் விஷயம் புரிந்தது.

வீட்டில் அவர் பெண்சாதி பகவதி அழுதேவிட்டாள். "நாளைக்கு நிச்சயத்த வச்சிட்டு இது என்ன கூத்து? இதுவும் தட்டிப்போச்சுன்னா எம் புள்ள தாங்கமாட்டா. ஒரே ஒரு வார்த்தை சொல்லும்யா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். கோமதி அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தாணுவுக்கும் சொல்லத்தான் ஆசை. ஆனால் மூடி வைத்திருக்கிறார்களே, எங்கே போய்ச் சொல்ல?

மாசானம் ஒரு யோசனை செய்தான். பலகை ஒன்றில் கரியால் ஏழு கோடு இழுத்து, கோட்டுக்கு ஒரு பாக்கை வைத்தான். ஏழாவது பாக்கை மேலே தள்ளினால் தாணு திறந்துகொள்வார் அல்லவா? ஆனால் மாசானம் உட்கார்ந்திருந்தது பலகைக்கு எதிர்ப்பக்கம். அங்கிருந்து பார்த்தால் முதலாவதுதான் ஏழாவது, கீழேதான் மேலே. அவன் தள்ளிய தள்ளில் அண்ணாவி மூடிக்கொண்டார். அரை வாக்கியத்தில் வாயை மூடி, கண்ணை மட்டும் உருட்டினார். பூதலிங்கம் பதறிப்போய் அந்தப் பாக்கைப் பழைய இடத்துக்கு ஏற்றிய பிறகு, விட்ட வார்த்தையிலிருந்து தொடர்ந்தார்.

"பலகை நல்லாத்தான் வேலை செய்யுது" என்றார் அண்ணாவி. "ஆனா தாணுவ மூடினது இந்தப் பலகை இல்ல. மூடின பலகைதான் திறக்கணும். மூடின கைதான் தள்ளணும்."

காலையில் பெனிட்டாவுக்குப் போன் போட்டார்கள். அவள் சிரித்துவிட்டு, அண்ணாச்சி திறந்துதான் இருக்கார், தாராளமாகப் பேசட்டும் என்றாள். பூதலிங்கம் லேசுப்பட்ட ஆளா? எம்மா, இப்ப எங்க நிக்கீங்க என்று கேட்டான். வீட்டில் பல் தேய்ப்பதாகச் சொன்னாள். போனை வைத்துவிட்டு, வீட்டில் பல் தேய்க்கிற கை ஸ்டுடியோவில் எப்படித் தள்ளும் என்று அவன் கேட்டான். பாவம், நம் மனசு நோகக் கூடாது என்று பொய் சொல்கிறது அந்தப் பிள்ளை என்று முடிவு கட்டினார்கள்.

வேறு வழி? நிச்சயத்தையே ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு வேனில் இரண்டு வீட்டாரும். செல்லையா கோபிப்பார் என்று பகவதி பயந்தாள். அவரோ விஷயத்தை முழுசாகக் கேட்டுவிட்டு, மூடின ஆளைத் திறக்காமல் எப்படிப் பேச முடியும், ரொம்ப நியாயம் என்றார். சம்பந்தம் எவ்வளவு பொருத்தம் என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

தேங்காய் பழத் தட்டுகளோடு இருபது பேர் உள்ளே வருவதைப் பார்த்த பெனிட்டாவுக்கு மூச்சே நின்றது. "மேஜை மேல மட்டும் எதையும் வச்சிராதீங்க" என்று கெஞ்சினாள். ஆகவே தட்டுகளைக் கடைசிவரை கையிலேயே ஏந்தி நின்றார்கள். மேஜையில் ஏற்கெனவே இருந்த அவளுடைய மூக்குக் கண்ணாடியையும் காபி டம்ளரையும் பூதலிங்கம் எடுத்து ஏந்திக்கொண்டான். கண்ணாடியைக் காணாமல் அவள் தடவித் தடவித்தான் ஏழாம் நம்பரைக் கண்டுபிடித்தாள்.

தாணு கண்ணாடி அறைக்குள்ளே தன் மைக்குக்கு முன்னால் நின்றார். மாப்பிள்ளையும் அவன் தம்பி ஐயப்பனும் வெளியே ஒரு மூலையில் நின்றார்கள். பெனிட்டா பதிவையும் ஓடவிட்டு ஃபேடரை மேலே தள்ளினாள். செல்லையா தொண்டையைச் செருமிக்கொண்டு, மேஜையிலிருந்து உள்ளே பேசுகிற மைக்கில் கேட்டார்.

"பொண்ணு குடுக்கச் சம்மதமா?"

"ஆமா."

அந்தப் பெரிய ஸ்பீக்கர்களில் அது வந்த அழகைச் சொல்லி முடியாது. முள் எழுந்து ஆடியது. கோமதியின் முகம் மலர்ந்தது. பகவதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தட்டு மாற்ற வேண்டியதுதான் பாக்கி. ஆனால் பெனிட்டாவுக்கு ஒரு பழக்கம். எதைப் பதிவு செய்தாலும் உடனே ஒருதரம் போட்டுக் கேட்பாள். கை தன்னால் போய்ப் பொத்தானை அமுக்கியது.

"ஆமா" என்றது ஸ்பீக்கர், அதே குரலில்.

செல்லையா நிமிர்ந்தார். "ரெண்டு ஆமா ஆச்சே. அப்ப ரெண்டு பொண்ணு."

எங்களுக்கு ஒரே பெண்தான் என்றாள் பகவதி. சபையில் சொன்னது சொன்னதுதான், தனக்கும் இளையவன் ஒருத்தன் கல்யாணத்துக்கு நிற்கிறான் என்றார் செல்லையா. இதில் கோபம் இல்லை, கணக்குத்தான். அண்ணாவி நெடுநேரம் யோசித்து, ஒரு ஆமாவை அழித்துவிட்டால் சரியாகிவிடும் என்றார். தலைவலி தாங்காத பெனிட்டா பதிவை அழித்தாள்.

"இப்ப அழிஞ்சது எந்த ஆமா?" என்று கேட்டார் செல்லையா. "வாய் சொன்னதா, பெட்டி சொன்னதா?"

"பெட்டி சொன்னதும் வாய் சொன்னதுதானே" என்றார் அண்ணாவி. "அது போனா இதுவும் போச்சு."

ஆக, இப்போது கையில் ஒரு ஆமாகூட இல்லை. மணி பதினொன்று ஐம்பத்தைந்து. மறுபடியும் முதலிலிருந்து கேட்டுச் சொல்ல வேண்டும், இந்த முறை எண்ணி ஒன்றே ஒன்று, போட்டுக் கேட்கிற பொத்தான் பக்கமே போகக் கூடாது என்று பேசி முடித்தார்கள். பெனிட்டா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள், மாசானம் உட்பட. பெனிட்டா உள்ளே பேசுகிற மைக்குக்குக் குனிந்து, வழக்கம்போல ஒரு வார்த்தை கேட்டாள்.

"ஆரம்பிக்கலாமா அண்ணாச்சி?"

"ஆமா" என்றார் தாணு.

"ஒண்ணு" என்று விரலை மடக்கினார் செல்லையா. பிறகு மைக்கை நெருங்கி, "பொண்ணு குடுக்கச் சம்மதமா?" என்று முறைப்படி கேட்டார்.

"ஆமா."

"ரெண்டு."

மூலையில் நின்ற ஐயப்பன் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டான்.