நடு ஆற்றில் நின்ற பல்லக்கு

இதை எழுதுகிறவனே பல வருஷம் நம்பாத கதை இது.

வேட்டைக்கு இடைஞ்சல் என்று, பல்லக்குத் தூக்கிகளின் குடிசைகளை ஜமீன்தார் கொளுத்தினார். கேட்டதற்கு, "எல்லாம் ஆண்டவன் செயல். நான் வெறும் கருவி" என்றார்.

மறுநாள் அவரைச் சுமந்து ஆற்றைக் கடக்கையில், முன்னால் தூக்கிப் போன சடையன் நடுவில் நின்று தோளைத் தாழ்த்தினான். மற்றவர்களும் தாழ்த்தினார்கள். பல்லக்கில் தண்ணீர் ஏறியது.

"என்னடா செய்றே?"

"நான் எங்கே எசமான் செய்றேன்? ஆண்டவன் இறக்குறான்."

"தோலை உரிச்சிடுவேன்."

"உரிக்கிறது நீங்களா, அவனா?"

தண்ணீர் கழுத்துக்கு வந்தது.

"நான்தான்டா. கொளுத்தினதும் நான்தான்."

"திரும்பக் கட்டித் தர்றது?"

"அதுவும் நான்தான்."

"அப்போ தூக்குறதும் நாங்கதான்" என்று சடையன் தோளை நிமிர்த்தினான்.

இந்தக் கதையைச் சொன்னது சடையனின் கொள்ளுப்பேரன். அவரிடம் இதை எழுதுகிறவன் கடைசியில் கேட்டது ஒன்றுதான்: "அந்த மனுஷனை ஆற்றோடு விடாமல் கரை சேர்த்தாரே, அது யார் செயல்?"