முதல் கவளம்

நயினார் இலைமேலேயே சரிந்தார்.

பந்தியில் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சோறு ஆறிப்போயிருந்தது. அந்த ஆற்றங்கரை மடத்தில் குரு சங்கிலிச்சாமி முதல் கவளம் எடுக்காமல் யாரும் இலையில் கை வைப்பதில்லை. சாமியோ வாசலில் யாரோ ஒரு வெளியூர்க்காரரிடம் பேசிக்கொண்டே நின்றார். நயினாருக்கு வேர்த்தது. கண் இருட்டியது. எதிரிலேயே சோறு. ஒரு வாய் அள்ளிப் போட்டிருந்தால் முடிந்தது. போடவில்லை. குழம்பில் முகம் பட விழுந்தார்.

வேட்டி மடிப்பிலிருந்து மருந்து ஊசி ஒன்று தரையில் உருண்டது.

சங்கிலிச்சாமி ஓடிவந்தார். ஊசியைப் பார்த்தார். சமையல் பார்க்கும் குத்தாலத்திடம் கருப்பட்டித் துண்டு வாங்கி, தன் கையாலேயே நயினார் வாயில் வைத்தார்.

"மெல்லும், அண்ணாச்சி. மெல்லும்."

சாமி வயசில் சின்னவர். நயினார் மூத்தவர், ஆனால் சீடர். அதனால்தான் அந்த அண்ணாச்சி.

சாயங்காலம் நயினார் பைக்குள் வேட்டியைத் திணித்துக்கொண்டிருந்தார். சாமி வந்து நின்றார்.

"எங்க கெளம்புதீரு?"

"தங்கச்சி வீட்டுக்கு. கடையத்துக்கு."

"என்ன விசேஷம்?"

"சக்கரை வியாதி, சாமி. போன வாரம்தான் டாக்டர் சொன்னாரு. சாகுத வரைக்கும் ஊசியாம். ஊசி போட்டா உடனே சாப்பிடணுமாம்."

"பெறவு ஏன் சாப்பிடல?"

"நீங்க இன்னும் எடுக்கலையே."

சாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நயினாருக்குக் கோபம் வந்தது.

"சிரிங்க. இன்னைக்குக் கருப்பட்டி ஊட்டியாச்சு. நாளைக்கு எனக்கு வேட்டி கட்டிவிடணும். அதுக்கு முன்னாடி போயிருதேன்."

"குழம்பு பூசின மூஞ்சி உமக்கு நல்லாத்தான் இருந்திச்சு."

"கேலி பண்ணாதீங்க, சாமி."

நயினார் அழுதார். ஒரு வாரமாக மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் ஒளிந்து ஊசி போட்டுக்கொண்டதையும் சொன்னார். தெரிந்தால் எல்லாரும் நோயாளி என்று ஒரு பார்வை பார்ப்பார்களே, அந்தப் பார்வையைத் தாங்க முடியாது என்றார். சாமி தரையில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

"இத்தன காலம் சாமி கும்பிட்டேன். தண்ணி சுமந்தேன். ஒருத்தருக்கும் கெடுதல் நெனச்சதில்ல. எனக்கு ஏன் வந்திச்சு?"

"தெரியல, அண்ணாச்சி."

குருவென்றால் ஏதாவது சொல்ல வேண்டும். இவர் தெரியலை என்கிறார். நயினார் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"எப்ப போகும்னாவது சொல்லுங்க."

"போகாதுன்னு டாக்டர்தான் சொல்லிட்டாரே."

நயினார் திரும்பவும் பைக்குள் வேட்டியைத் திணித்தார். சாமி கேட்டார்.

"இந்த மடத்துல உமக்கு ரொம்பத் தொல்லை குடுக்குதது யாரு? நெசத்தச் சொல்லும்."

"நீங்கதான்."

யோசிக்கவே இல்லை.

"அப்படி என்ன செஞ்சிட்டேன்?"

"விடியுமுன்ன வெந்நி கேக்குதீங்க. வச்சா சூடு போதாதுங்கீங்க. சூடாக்கிக் குடுத்தா சுடுதுங்கீங்க. நாலு தூறல் விழுந்தா இருமல். கசாயத்தக் குடிக்காம ஓடுதீங்க, டம்ளரத் தூக்கிக்கிட்டு நான் பின்னாலயே அலையணும். ஒரு கல்யாண வீட்டுக்கு நிம்மதியா போயிட்டு வர முடியல எனக்கு."

"நோய் எப்ப போகும்னு கேட்டீரே, நான் எப்ப போவேன்னு என்னைக்காவது கேட்டீரா?"

நயினாரின் கை பைக்குள்ளேயே நின்றது.

"திட்டிக்கிட்டேதான் வெந்நி வைக்கீரு" என்றார் சாமி. "வைக்காத நாள் கெடையாது."

பைக்குள் கிடந்த வேட்டியை உருவி, உதறி, சாமியே கொடியில் போட்டார்.

"நாளையிலருந்து ஊசி போட்டதும் சாப்பிட்டுரும். எனக்காகக் காத்துக் கெடக்க வேண்டாம்."

"பந்தியிலயா? உங்களுக்கு முன்னாடியா? எல்லாரும் பாப்பாங்களே."

"கூச்சமா இருந்தா அடுக்களைக்குப் போயிரும். கதவச் சாத்திக்கிட்டுச் சாப்பிடும். ஒருத்தருக்கும் தெரியப்போறதில்ல."

நயினார் தலையாட்டினார். அது அவருக்குப் பிடித்த ஏற்பாடுதான்.

மறுநாள் மத்தியானம் பந்தி உட்கார்ந்துவிட்டது. சாமி வாசலில் நின்றார். அன்றைக்கு வேறொரு வெளியூர்க்காரர். நயினார் அடுக்களைக்குள் போய் ஊசியைப் போட்டுக்கொண்டார். குத்தாலம் அவருக்கு அங்கேயே இலை போட்டு வைத்திருந்தார். நயினார் கதவைப் பிடித்தார். நேர் எதிரே பந்தி. கையைக் கட்டிக்கொண்டு, பசியோடு, அவரைப் பார்த்தபடி எல்லாரும்.

கதவைப் பிடித்தபடியே கொஞ்சம் நின்றார். பிறகு கையை எடுத்துவிட்டு, போய் இலை முன்னால் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தார்.

பந்தி மொத்தமும் பார்த்தது. கடைசி இலையில் இருந்தவருக்குப் பொறுக்கவில்லை. வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"சாமி, நயினார் அண்ணாச்சி உங்களுக்கு முந்திச் சாப்பிடுதாரு."

சாமி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சோறு கொழஞ்சிருக்கான்னு அவருகிட்ட கேட்டுச் சொல்லும்."

நயினாருக்கு வாய் நிறையச் சோறு. பதில் சொல்ல முடியவில்லை.

கதவைச் சாத்தச் சொல்லியிருந்தார் சாமி. நயினார் சாத்தவில்லை.